தும்மல் மாத்திரை எப்படிப் போதைப்பொருள் ஆனது?

விமான விபத்து பற்றிய ஓர் ஆவணப்படம், தமிழ் டப்பிங்கில். ‘இறந்த விமானியின் உடலில் போதைப்பொருள் சோதனை நடத்தப்பட்டது’ என்கிறது குரல். சோதனையில் கிடைத்தது என்ன? டைஃபென்ஹைட்ரமின். தும்மலுக்கும் அரிப்புக்கும் போடும் மாத்திரைகளில் இருப்பது. மாத்திரை போட்ட மனுஷனை, செத்த பிறகு போதைக்காரன் ஆக்கிவிட்டார்கள். செய்திகளிலும் இதே கதைதான். எத்தனை தடவை கேட்பது?

‘டிரக்’ (drug) என்ற ஆங்கிலச் சொல்லைத்தான் இப்படிப் ‘போதைப்பொருள்’ ஆக்குகிறார்கள். அது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது. மருந்துச் சரக்கு என்பதே அதன் பழைய பொருள். போதை பின்னால் ஒட்டிக்கொண்டது. நாட்டு மருந்துக்கடைச் ‘சரக்கு’ டாஸ்மாக் சரக்கானது போல.

‘போதைப்பொருள் என்றால்தான் மக்களுக்குப் புரியும்’ என்கிறார்கள். தப்பாகத்தான் புரியும். அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், 1990 முதல் 2012 வரை விபத்துகளில் இறந்த 6,677 விமானிகளின் சோதனை முடிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளியிட்டது. கடைசி ஆண்டுகளில் ஏதாவதொரு மருந்து காணப்பட்டவர்கள் 100க்கு ஏறக்குறைய 40 பேர். சட்டவிரோதப் போதைப்பொருள் என்று பார்த்தால் 100க்கு 4 பேர்கூட இல்லை. நிதானத்தைக் குறைக்கக்கூடிய மருந்துகளில் முதலிடம் அதே டைஃபென்ஹைட்ரமினுக்கு. நாலு பேருக்கான சொல்லை நாற்பது பேர் தலையிலும் கட்டுவது என்ன நியாயம்? உடலில் மருந்து இருந்தது என்பதாலேயே, விமானம் அதனால்தான் விழுந்தது என்றும் ஆகாது.

சிலர் ‘நச்சுப் பரிசோதனை’ என்கிறார்கள். யாரோ விஷம் வைத்தது போல இருக்கிறது. ‘மருந்து குடிச்சிட்டான்’ என்றால் கிராமத்தில் என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். நோய் தீர்ப்பதையும் உயிர் எடுப்பதையும் ஒரே சொல்லில் அடக்கியவர்கள் நாம்; அதை விட்டுவிட்டு ஏன் அலைய வேண்டும்?

சரி, வெறும் ‘மருந்துச் சோதனை’ என்றால் புது மருந்தைச் சோதிப்பது என்று ஆகிவிடும். அதனால் ‘மருந்துத் தடயச் சோதனை’ என்பேன். தடயவியல் ஏற்கெனவே பழகிய சொல்.

ஆல்கஹாலுக்கும் தடயம் என்ற சொல்தான் பொருந்தும். சடலம் அழுகும்போது நுண்ணுயிர்களே ஆல்கஹாலை உண்டாக்கும். அதனால் ரத்தத்தை மட்டும் நம்பாமல், கிடைத்தால் சிறுநீர், கண்ணுக்குள் இருக்கும் திரவம் எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்த ஒப்பீடு முடியும் முன்பே ‘விமானி குடித்திருந்தார்’ என்று எழுதக் கூடாது. ‘ஆல்கஹால் தடயம் இருந்தது’ என்பதோடு நிறுத்த வேண்டும்.