ஓடும் ரயிலில் லேப்டாப்புக்கு நெட் வருவது எப்படி?

சென்னை எழும்பூரிலிருந்து மதுரை போகும் வைகை எக்ஸ்பிரஸில், போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பில் வேலை பார்ப்பவர்களை நிறையப் பார்க்கலாம். விழுப்புரம் தாண்டியதும் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருக்கும். "வண்டி வேகமா போகுதுல்ல, அதான்" என்பார் பக்கத்து சீட்டுக்காரர். எல்லோரும் சொல்லும் காரணம்தான். ஆனால் கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்காது.

மணிக்கு 108 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 30 மீட்டர். நகரும் போனுக்கு அலைகளின் அதிர்வெண் கொஞ்சம் மாறித் தெரியும். அதுதான் டாப்ளர் விளைவு. 4ஜிக்குப் பயன்படும் 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் இந்த வேகத்துக்கு வரும் மாற்றம் சுமார் 180 ஹெர்ட்ஸ். 4ஜி தன் அலைவரிசையை 15,000 ஹெர்ட்ஸ் இடைவெளி கொண்ட துணை அலைகளாகப் பிரித்துத்தான் தகவல் அனுப்புகிறது. அதன் முன் 180 ஒரு பொருட்டே இல்லை. மணிக்கு 350 கிலோமீட்டரில் போகும் ரயிலிலும் வேலை செய்யவேண்டும் என்றே 4ஜியை வடிவமைத்தார்கள். அதோடு, ரயில்வே சிக்னலுக்காக வண்டி நடுவழியில் நிற்கும்போதும் நெட் வராமல் போவதுண்டே! அதற்கு எந்த வேகத்தைக் குறை சொல்வது?

சரி, உள்ளே என்ன நடக்கிறது? ஹாட்ஸ்பாட் போட்டவுடன் போன் ஒரு சின்ன ரவுட்டர் ஆகிவிடுகிறது. லேப்டாப்புக்கு ஓர் உள்முகவரி கொடுக்கும்; ஆண்ட்ராய்டு போன்களில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும். நெட்டில் தகவல் சின்னச் சின்னப் பொட்டலங்களாகத்தான் போகும். இந்த உள்முகவரியோடு லேப்டாப் அனுப்பும் ஒவ்வொரு பொட்டலத்திலும் போன் அதை நீக்கித் தன் முகவரியைப் போட்டு அனுப்பும். பதில் வந்ததும் யாருக்கு உரியது என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கும். பொட்டலம் ஒரு ரவுட்டரைத் தாண்டும்போது அதன் ஆயுள் எண் (இன்னும் எத்தனை ரவுட்டரைத் தாண்டலாம் என்ற கணக்கு) ஒன்று குறையும். லேப்டாப் 128 என்று அனுப்பினால் போனிலிருந்து 127 ஆக வெளியே போகும். போனே அனுப்பும் பொட்டலத்தில் இந்தக் குறைவு இருக்காது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்கும் சில நாட்டு நிறுவனங்கள் இதை வைத்தே ஆளைப் பிடித்துவிடுகின்றன.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் டவர் மாறுவதுதான். அக்கம்பக்கத்து டவர்களின் சிக்னலைப் போன் அளந்து அளந்து சொல்லிக்கொண்டே இருக்கும். எப்போது மாறுவது என்று முடிவெடுப்பது நெட்வொர்க். 4ஜியில் பழைய டவரை விட்டுவிட்டுத்தான் புதியதைப் பிடிக்கமுடியும். எல்லாம் ஒழுங்காக நடந்தால் இந்த இடைவெளி சில பத்து மில்லி நொடிகள்தான். டவர் மாறினாலும் போனின் ஐபி முகவரி மாறாது. அந்த முகவரி நிறுவனத்தின் நுழைவாயில் கணினி ஒன்றில் இருக்கிறது. அரியலூரில் இருந்தாலும் திண்டுக்கல்லில் இருந்தாலும் நம் தகவல் அங்கேதான் முதலில் வரும். ஊர் வீட்டுக்கு வரும் கடிதங்களை நாம் போகும் இடத்துக்கெல்லாம் தம்பி அனுப்பிவைப்பது போல, அது நம்மைத் தேடி இப்போதைய டவருக்கு அனுப்பும். ஆகவே வண்டி ஓடுகிறது என்பதே லேப்டாப்புக்குத் தெரியாது.

அப்புறம் ஏன் நெட் நிற்கிறது? முதல் காரணம் பெட்டி. எல்எச்பி எனப்படும் இப்போதைய புதுவகைப் பெட்டிகளின் உடல் துருப்பிடிக்காத எஃகு. ரேடியோ அலை அதைத் துளைத்து வராது. ஜன்னல் வழியாகத்தான் வரவேண்டும். இரண்டாவது, ஊர்களுக்கு நடுவே டவர்கள் தள்ளித்தள்ளி இருக்கின்றன. அவ்வளவு தூரம் எட்டுவது 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைகள்தான். ஆனால் அவற்றில் கிடைக்கும் அலைவரிசையின் அகலம் குறைவு; அதனால் ஒரே நேரத்தில் போகும் தகவலும் குறைவு. மூன்றாவது, கூட்டம். சுற்றியுள்ள சில கிராமங்களுக்காக வைத்த டவர்மேல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளின் போன்கள் ஒரே நேரத்தில் வந்து விழுகின்றன.

இன்னொன்றை யாரும் கவனிப்பதில்லை. திரையில் தெரியும் சிக்னல் கோடுகள், டவர் பேசுவது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். டவர் பல பத்து வாட்டில் கத்துகிறது. 4ஜி போன் பொதுவாக அதிகபட்சம் 0.2 வாட்டில்தான் பதில் சொல்லமுடியும். அதனால்தான் வீடியோ மீட்டிங்கில் அவர்கள் பேசுவது நமக்குக் கேட்கும், நாம் பேசுவது அங்கே உடைந்து உடைந்து போகும். அந்த நேரத்தில் கேமராவை அணைத்துவிடுவது உண்மையிலேயே உதவும். போன் சூடாவதற்கும் இந்த முழு மூச்சுக் கத்தல் ஒரு காரணம்.

சிம் போட்ட டாங்கிளை லேப்டாப்பிலேயே செருகிய காலத்தைவிட இப்போது ஒரு வசதி உண்டு. டவரோடு பேசுவது போன் மட்டும்தான். எனவே போனை ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு லேப்டாப்போடு எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். கைக்கெட்டும் தூரம்தான் என்றால் வைஃபையைவிட யூஎஸ்பி கேபிளே நல்லது. போனில் வைஃபை ஓடவேண்டியதில்லை, சார்ஜும் ஏறும். லேப்டாப்போ ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை என்று நினைத்து அப்டேட்களை இறக்க ஆரம்பித்துவிடும். விண்டோஸ் அமைப்புகளில் இந்த இணைப்பை 'மீட்டர்ட் கனெக்‌ஷன்' (அளந்து செலவழிக்கவேண்டிய இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும்.