சூரியனுக்குச் சுருதி சேர்த்தல்: ஹைட்ரஜன்-ஆல்ஃபா வடிகட்டி இயங்கும் விதம்

ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கியில் முதன்முறையாகச் சூரியனைப் பார்க்கும் பலர், படங்களில் கண்ட இழைகளும் (வட்டத்தின்மேல் கருங்கோடுகளாகத் தெரியும் வாயுத்திரள்கள்) பிழம்புகளும் (விளிம்புக்கு வெளியே எழும் வாயுத்திரள்கள்) இன்றி வெறும் சிவப்பு வட்டம் மட்டுமே தெரிவதாக ஏமாற்றம் அடைவதுண்டு. குவியத்தை எவ்வளவு திருத்தினாலும் அந்தக் குறை பெரும்பாலும் தீர்வதில்லை. வடிகட்டி எந்த அலைநீளத்தில் நிற்கிறது என்பதில்தான் கோளாறு இருக்கிறது.

நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பான ஒளிமண்டலத்துக்கு மேலே நிறமண்டலம் என்னும் மெல்லிய அடுக்கு உள்ளது. அங்குள்ள ஹைட்ரஜன் 656.28 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை உறிஞ்சுவதால், நிறமாலையில் சுமார் ஓர் ஆங்ஸ்ட்ரம் அகலமுள்ள, ஹைட்ரஜன்-ஆல்ஃபா என்னும் இருண்ட கோடு தோன்றுகிறது. பத்து ஆங்ஸ்ட்ரம் சேர்ந்தால்தான் ஒரு நானோமீட்டர். அக்கோட்டின் நடுவில் எஞ்சியிருப்பது, அருகிலுள்ள ஒளியில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். நிறமண்டலத்தின் உருவம் அந்த மங்கலான மிச்சத்தில்தான் இருக்கிறது. அரை ஆங்ஸ்ட்ரம் விலகினாலே கீழிருந்து வரும் ஒளிமண்டலத்தின் வெளிச்சம் புகுந்து அதை மூழ்கடித்துவிடும்.

இவ்வளவு குறுகிய ஒளிப்பட்டையைப் பிரித்தெடுப்பது எட்டலான் என்னும் கருவி. 1899-இல் சார்ல் ஃபாப்ரி, ஆல்ஃபிரெட் பெரோ என்னும் இரு பிரெஞ்சு இயற்பியலாளர்கள் விவரித்த குறுக்கீட்டுமானியே இதன் அடிப்படை. மிகத் தட்டையான இரு கண்ணாடித் தகடுகள், பகுதி எதிரொளிக்கும் பூச்சுடன் எதிரெதிரே நிற்கின்றன. ஒளி அவற்றுக்கிடையே பலமுறை முன்னும் பின்னும் சென்றுவருகையில், இடைவெளிக்குள் அரை அலைநீளங்கள் முழு எண்ணிக்கையில் அடங்கும் அலைநீளங்கள் மட்டுமே ஒன்றையொன்று வலுப்படுத்தி வெளியேறுகின்றன. இடைவெளி 0.2 மில்லிமீட்டர் அளவில் இருந்தால், சுமார் 10 ஆங்ஸ்ட்ரத்துக்கு ஒன்றாக இத்தகைய பட்டைகள் வரிசையாகக் கிடைக்கும். அவற்றுள் வேண்டிய ஒன்றை மட்டும் விட்டு மற்றவற்றைத் தடுப்பது தனியொரு தடுப்பு வடிகட்டியின் பணி. அதைக் கழற்றிவிட்டுப் பார்ப்பது கண்ணுக்குப் பேராபத்து.

ஆர்வலர்களின் கருவிகளில் பட்டையின் அகலம் பெரும்பாலும் 0.7 ஆங்ஸ்ட்ரம் அளவில் இருக்கும். அதை 0.1 ஆங்ஸ்ட்ரம் நகர்த்த, தகடுகளின் இடைவெளி வெறும் 3 நானோமீட்டர் மாறினால் போதும். விரலால் திருகும் வளையத்தைக் கொண்டு இந்த நுட்பத்தை எட்டுவது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

பட்டையை நகர்த்தும் வழிகளில் எளியது, எட்டலானைச் சற்றே சாய்ப்பது. சாய்வு கூடக்கூடப் பட்டை நீலப் பக்கம், அதாவது குறைந்த அலைநீளத்தை நோக்கி, நகர்கிறது. ஒரு பாகை சாய்த்தால் நகர்வு ஏறத்தாழ ஓர் ஆங்ஸ்ட்ரம். ஆனால் சூரிய வட்டமே வானில் அரைப் பாகை அகலம் கொண்டது. குழாயின் முகப்பில் பொருத்திய எட்டலானை 0.7 பாகை சாய்த்தோமானால், வட்டத்தின் ஒரு விளிம்பிலிருந்து வரும் ஒளி 0.45 பாகையிலும் எதிர்விளிம்பின் ஒளி 0.95 பாகையிலும் தகடுகளைச் சந்திக்கும். முதல் விளிம்பில் நகர்வு 0.2 ஆங்ஸ்ட்ரம், மற்றதில் 0.9. பட்டையின் முழு அகலத்துக்குச் சமமான இந்த வேறுபாட்டால்தான், வட்டத்தின் ஒரு பகுதியில் இழைகள் தெளிவாகத் தெரியும்போதே மறுபகுதி வெறுமையாகக் கிடக்கிறது.

இக்குறையைத் தவிர்க்கும் நல்ல வழி காற்றழுத்தம். எட்டலானை மூடிய அறைக்குள் வைத்து அழுத்தத்தைக் கூட்டினால், காற்றின் ஒளிவிலகல் எண் சிறிது உயர்ந்து பட்டை சிவப்புப் பக்கம் நகர்கிறது. கோணம் மாறாததால் வட்டம் முழுதும் ஏறக்குறைய சீராக இருக்கும். காற்றின் அடர்த்தி இவ்வளவு பாதிப்பதால், திறந்த இடைவெளி கொண்ட எட்டலானைச் சென்னையிலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உயரமுள்ள கொடைக்கானலுக்கு எடுத்துச் சென்றால், எதையும் தொடாமலேயே பட்டை 0.3 முதல் 0.4 ஆங்ஸ்ட்ரம் வரை நீலப் பக்கம் சரிந்துவிடும். கடற்கரையில் சரியாக இருந்த கருவி மலைமேல் 'கெட்டுப்போவது' இதனால்தான். மைக்கா போன்ற திடப்பொருளால் ஆன எட்டலான்களை வெப்பநிலையால் நகர்த்துகிறார்கள். குமிழைத் திருப்பியபின் வெப்பம் நிலைபெறும்வரை சில நிமிடங்கள் பொறுத்திருக்க வேண்டும்.

சரியான இடத்தை அடைந்துவிட்டோம் என்பதை எப்படி அறிவது? வெளிச்சமான படமே நல்ல படம் என்று நம்புவது இயல்பு. இங்கே அது தவறான வழிகாட்டி. கோட்டின் நடுவே மிக இருண்டது என்பதால், சூரிய வட்டம் மிக மங்கலாகத் தோன்றும் இடமே நாம் தேடும் இடம். விளிம்புக்கு வெளியே எழும் பிழம்புகள் அதே இடத்தில் மிகுந்த ஒளியுடன் நிற்கும். முதலில் வட்டத்தின் நடுப்பகுதியில் ஓர் இழையையோ செயலூக்கமுள்ள பகுதியையோ தேர்ந்துகொண்டு, அது ஒரு பக்கம் மறையும்வரை திருப்பி, பிறகு மறுபக்கமும் மறையும்வரை திருப்பி, இரண்டுக்கும் இடையே அது மிகக் கருமையாகும் புள்ளியில் நிறுத்த வேண்டும். கேமராவில் படமெடுப்பவர்கள் வெளிப்பாட்டு நேரத்தை மாற்றாமல் வைத்து, வட்டத்தின் சராசரி வெளிச்சம் மிகக் குறையும் இடத்தைக் கணினித் திரையிலேயே காணலாம். படத்தில் வரிவரியான குறுக்கீட்டுப் பட்டைகள் விழுந்தால் எட்டலானைத் தொட வேண்டாம். கேமராவைச் சற்றுச் சாய்த்தாலே அவை பெரும்பாலும் விலகும்.

இரண்டாவது எட்டலான் ஒன்றைச் சேர்த்தால் பட்டை 0.5 ஆங்ஸ்ட்ரம் அளவுக்குக் குறுகி, ஒளிமண்டலத்தின் கசிவு வெகுவாகக் குறையும். இரண்டையும் தனித்தனியே சரிசெய்துவிட்டே சேர்க்க வேண்டும். கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 2014 முதல் இயங்கும் ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி, எட்டலானுக்கு மாறாக லையோ வகைப் படிக வடிகட்டியால் 0.4 ஆங்ஸ்ட்ரம் பட்டையைப் பெறுகிறது.

நடுவிலிருந்து வேண்டுமென்றே விலகுவதற்கும் ஒரு பயன் உண்டு. நம்மை நோக்கி விநாடிக்கு 23 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாயுவின் கோடு, டாப்ளர் விளைவால் அரை ஆங்ஸ்ட்ரம் நீலப் பக்கம் தள்ளிப்போகிறது. நன்றாகத் தெரிந்துகொண்டிருந்த ஓர் இழை திடீரென மங்கினால், அது அழிந்துவிட்டது என்று முடிவுசெய்யுமுன் சாய்வைச் சற்றுக் கூட்டியோ அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தோ பாருங்கள்; வெடித்தெழும் இழையாக இருந்தால், நீலப் பக்கத்தில் அது மீண்டும் கருமையாகத் தென்படும்.