பாதரசம் கைமாற்றிய வெள்ளிமலை

பொலிவியாவில் கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது பொட்டோசி நகரம். ஊருக்குப் பின்னால் கூம்பாக எழுந்து நிற்கும் செம்மண் நிற மலைக்குப் பெயர் செர்ரோ ரிக்கோ. 1545-ல் அங்கே வெள்ளி இருப்பது தெரியவந்தது. ஸ்பானியர்கள் வந்தார்கள், தோண்டினார்கள், அள்ளிக்கொண்டு போனார்கள் என்று இந்தக் கதையை மூன்று சொல்லில் முடித்துவிடுபவர்கள் உண்டு. அப்படிச் சொல்லும்போது தொடக்கத்தில் ஒரு கால் நூற்றாண்டு காணாமல் போய்விடுகிறது. அந்த 25 வருஷமும் மலை ஸ்பானியர் பெயரில் இருந்தது; கல்லை வெள்ளியாக்கும் வித்தையோ ஆண்டிஸ் மலைமக்களிடம் இருந்தது.

அவர்களுடைய உலைக்குப் பெயர் குவைரா. ஏறக்குறைய இடுப்பளவு உயரம், களிமண்ணால் ஆனது, சுற்றிலும் துளைகள். துருத்தி கிடையாது. காற்று நன்றாக அடிக்கும் மலைச்சரிவில் வைத்துவிட்டால் காற்றே ஊதிக்கொடுக்கும். அந்த உயரத்தில் மரம் அரிது. அதனால் இச்சு என்ற மலைப்புல்லும் லாமாச் சாணமும் எரிபொருளாயின. வெள்ளித் தாதுவோடு கொஞ்சம் ஈயத்தாதுவையும் போடுவார்கள். உருகிய ஈயம் வெள்ளியைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும். அந்தக் கட்டியை இன்னொரு சின்ன அடுப்பில் காற்றுப்படக் காய்ச்சினால் ஈயம் ஆக்சைடாகி விலகிவிடும். வெள்ளி அவ்வளவு சுலபமாக ஆக்சிஜனோடு சேராது, அப்படியே மிஞ்சும்.

ஸ்பானியர்கள் தங்கள் ஊர்த் துருத்தி உலைகளையும் வைத்துப் பார்த்தார்கள். பொட்டோசித் தாது அவற்றுக்கு மசியவில்லை. வேறு வழியில்லாமல் உள்ளூர் ஆட்களிடமே தோண்டவும் உருக்கவும் விட்டார்கள். தொழிலாளர்கள் தங்களுக்கென ஒரு பங்கு தாதுவை எடுத்துச் சந்தையில் விற்றார்கள். உலைக்காரர்கள் வாங்கி உருக்கினார்கள். 6,000-க்கும் மேற்பட்ட உலைகள் இருந்ததாகக் கணக்கு. இரவில் மலை முழுக்க நெருப்புப் புள்ளிகளாகத் தெரியும் என்று பார்த்தவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

காற்றுலைக்கு ஒரு குறை உண்டு. தாது செறிவாக இருந்தால்தான் கட்டுபடியாகும். 1560-களில் மேல்மட்டத்துச் செறிந்த தாது தீரத் தொடங்கியது. அதன்பின் கிடைத்த மட்டமான தாதுவை உருக்கினால், வரும் வெள்ளியைவிட எரிபொருள் செலவு அதிகம். எனவே அதைச் சரிவில் கொட்டினார்கள். குப்பைமேடு வளர்ந்தது, வருமானம் விழுந்தது.

இந்த இடத்தில்தான் பாதரசம் வருகிறது. பழைய கண்ணாடித் தெர்மாமீட்டர் உடைந்தால், தங்க மோதிரத்தோடு பாதரசத்தைத் தொடாதே என்று வீட்டில் சொல்வார்கள். பட்ட இடம் வெளுத்துவிடும். தங்கம் பாதரசத்தில் கரைந்து ரசக்கலவையாவதால் வரும் வினை அது. வெள்ளியும் அப்படியே கரையும், அதற்கு நெருப்பு தேவையில்லை. கரைந்ததைப் பிரிப்பதும் சுலபம்: பாதரசம் 357 டிகிரி செல்சியஸில் கொதித்து ஆவியாகிவிடும், வெள்ளி உருகவே 962 டிகிரி வேண்டும். தங்கத்தை இப்படிப் பிரிப்பது ரோமானியர்களுக்கே தெரியும்.

சரி, பிறகு ஏன் இவ்வளவு காலம் யாரும் இதை வெள்ளித் தாதுவில் பெரிய அளவில் செய்யவில்லை? மலையில் வெள்ளி பெரும்பாலும் தனியாகக் கிடப்பதில்லை, கந்தகத்தோடு பிணைந்து கிடக்கிறது. அந்தப் பிணைப்பைப் பாதரசம் லேசில் உடைக்காது. உடைக்க ஒரு வழியைக் காட்டியவர் செவில் நகரத்து வியாபாரி பார்த்தொலோமே தெ மெதினா. 1554-ல் மெக்சிகோவின் பச்சூக்காவில் அவர் செய்து காட்டிய முறையில் பாதரசத்தோடு உப்பும் சேர்ந்தது. லொரென்சோ என்ற ஜெர்மானியரிடம் கற்றுக்கொண்டதாக அவரே சொல்லியிருக்கிறார். லொரென்சோவைப் பற்றி நமக்குத் தெரிந்தது கிட்டத்தட்ட அவ்வளவுதான்; யோசனை சொன்னவர் பின்னுக்குப் போவது தொழில்நுட்ப வரலாற்றில் புதிதல்ல.

பொட்டோசியில் இந்த முறையை 1572 வாக்கில் நிலைநாட்டியவர் பெத்ரோ பெர்னாந்தெஸ் தெ வெலாஸ்கோ. வேலை நடந்த விதம் இது. நீர்ச்சக்கரம் சுழற்றும் ஆலையில், இரும்புப் பூண் போட்ட கனத்த உலக்கைகள் தாதுவை இடித்து மாவாக்கும். சலித்த மாவை ஒரு தொட்டிக்கு 50 குவின்டால், அதாவது இரண்டு டன்னுக்குக் கொஞ்சம் மேலே, கொட்டுவார்கள். அதில் 5 குவின்டால் உப்பு, தண்ணீர். அப்புறம் பாதரசத்தைத் துணியில் ஊற்றிப் பிழிவார்கள். துணியின் இழைகளுக்கு நடுவே அது பனித்துளி மாதிரிச் சொட்டும். அப்படிச் சொட்டினால்தான் சேறு முழுக்கப் பரவும். பிறகு மிதிக்க வேண்டும். குளிர்ந்த சேற்றில், வெறுங்காலோடு, நாள் கணக்கில், வார கணக்கில். தொடக்கத்தில் தொட்டிக்கு அடியில் தீ மூட்டி வேலையை விரைவுபடுத்தினார்கள். விறகு கட்டுபடியாகாததால் பிற்பாடு வெயிலையே நம்பினார்கள்.

சேற்றைத் தண்ணீரில் கழுவினால் கனமான ரசக்கலவை அடியில் தங்கும். அதைத் துணியில் முறுக்கிப் பிழிந்தாலும் மிஞ்சும் கட்டியில் வெள்ளி ஐந்தில் ஒரு பங்கோ ஆறில் ஒரு பங்கோதான், மீதி பாதரசம். கட்டியைக் கூம்பு அச்சில் அடித்து, மேலே மண்மூடி கவிழ்த்துச் சூடேற்றுவார்கள். ஆவி மூடியில் பட்டுக் குளிர்ந்து மறுபடி பாதரசமாக வடியும். கீழே நிற்பது தேனடை மாதிரி துளைத்துளையான வெள்ளிக் கூம்பு.

உப்புக்கு என்ன வேலை? உப்பும் தாதுவில் உள்ள செப்புச் சேர்மங்களும் சேர்ந்து செப்புக் குளோரைடு உருவாகிறது. அது வெள்ளியைக் கந்தகத்திடமிருந்து விடுவித்து வெள்ளிக் குளோரைடாக்குகிறது. செறிந்த உப்புநீரில் அது ஓரளவு கரையும். கரைந்து பாதரசத்தைச் சந்திக்கும்போது, பாதரசம் குளோரினைத் தான் வாங்கிக்கொண்டு வெள்ளியை விடுவிக்கிறது. விடுபட்ட வெள்ளி மிச்சப் பாதரசத்தில் கரைகிறது. குளோரினை வாங்கிய பாதரசம் காலோமல் என்ற வெள்ளைப் பொடியாகிச் சேற்றோடு போய்விடும். அணு எடைகளை வைத்துக் கணக்குப் போட்டால், முழு வேலையையும் பாதரசமே செய்தால் ஒரு கிலோ வெள்ளிக்குச் சுமார் 1.9 கிலோ பாதரசம் செலவு.

1587-ல் பொட்டோசியில் இரும்புத் தூளைச் சேர்க்கத் தொடங்கினார்கள். பாதரசச் செலவு சட்டென்று குறைந்தது. குளோரினை வாங்கும் வேலையை மலிவான இரும்பு ஏற்றுக்கொண்டது என்று இன்று சொல்லிவிடலாம். அவர்களுக்குக் குளோரின் என்று ஒன்று இருப்பதே தெரியாது. அது பிரித்தெடுக்கப்பட்டது 1774-ல். மேஸ்திரி ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் சேற்றை எடுத்துக் கழுவி, பாதரசத்தின் நிறத்தைப் பார்ப்பார். சாம்பல் நிறமாகக் கறுத்திருந்தால் சேறு 'சூடு' என்று சுண்ணாம்பு போடுவார். மந்தமாக இருந்தால் 'குளிர்ச்சி' என்று செப்புத்தாதுப் பொடி சேர்ப்பார். உடம்புக்குச் சூடு, குளிர்ச்சி பார்த்து மருந்து கொடுத்த காலத்து வேதியியல் அது, ஆனாலும் வேலை செய்தது.

விளைவு மலையளவு. குப்பைமேடே முதல் புதையலானது. உற்பத்தி எகிறி 1592-ல் உச்சம் தொட்டது. ஆனால் குவைராவைச் சொந்தக் கையால் செய்யலாம், ஆலையைச் செய்ய முடியாது. ஆலைக்குத் தண்ணீர் வேண்டும். அதற்காக மலைகளுக்கு நடுவே அணைகள் கட்டி ஏரிகள் வெட்டினார்கள் (அதில் சான் இல்தெபோன்சோ ஏரி 1626-ல் உடைந்து ஆலைகளை வாரிக்கொண்டு போனது). இதற்கெல்லாம் முதல் போடக்கூடியவர்கள் ஸ்பானியர்கள். ஆள்பலத்துக்கு வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தெ தொலேதோ, இன்காக்களின் மித்தா என்ற முறைவேலையைக் கட்டாய உழைப்பாக மாற்றினார். ஆண்டுக்குச் சுமார் 13,500 ஆண்கள், ஊர் ஊராகக் குடும்பத்தோடு மலையேறி வந்தார்கள். உலைக்காரர்களாக இருந்த மக்கள் சேறு மிதிக்கும் கூலிகளானது ஒரே தலைமுறையில்.

மன்னருக்கும் இதில் ஒரு சாவி கிடைத்தது. பாதரசம் அரசின் ஏகபோகம். எந்த ஆலைக்காரர் எவ்வளவு வாங்கினார் என்று பார்த்தால், அவர் எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார் என்று ஊகித்துவிடலாம். ஐந்தில் ஒரு பங்கு வரியை ஏய்க்க நினைப்பவனுக்கு இதைவிடத் தொல்லையான கணக்கு இருக்க முடியாது.

அந்தப் பாதரசம் பெருவின் வாங்கவெலிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள சாதிலிங்கம் என்ற பாதரசத் தாதுவை ஆண்டிஸ் மக்கள் முகத்துக்குப் பூசும் சிவப்புச் சாயமாக நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். 1560-களில் அது ஸ்பானியர் கண்ணில் பட்டது. அதை வறுத்துப் பாதரசம் எடுத்து, தோல்பைகளில் கட்டி, கடல்வழியாக அரிக்கா துறைக்கும் அங்கிருந்து லாமா முதுகில் பொட்டோசிக்கும் அனுப்பினார்கள். அந்தச் சுரங்கத்துக்கு 'மரணச் சுரங்கம்' என்றே பெயர் நிலைத்தது. பாதரச நஞ்சால் கைகால் நடுக்கம் கண்டவர்களின் ஊர் அது. பழைய உலைக் கழிவு கலந்த மண்ணில் கட்டிய வீடுகளில் இன்றும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். சுவர் மண்ணைச் சோதித்தபோது பாதரசம் கிடைத்திருக்கிறது.

அதே பெருவின் கிழக்கே, மாத்ரே தெ தியோஸ் ஆற்றுப் படுகையில், சிறு சுரங்கக்காரர்கள் இப்போதும் பாதரசத்தால்தான் தங்கம் எடுக்கிறார்கள். ஆற்றுமணலில் தங்கம் தனி உலோகமாகவே கிடப்பதால் உப்பும் செம்பும் வேண்டியதில்லை. துணியில் பிழிவது மட்டும் அப்படியே இருக்கிறது. பிழிந்த கட்டியைப் பல இடங்களில் திறந்த சட்டியிலேயே சுடுகிறார்கள், பொட்டோசியில் வைத்த மண்மூடிகூட இல்லாமல்.