கம்ப்ரசருக்கு யார் போய்ச் சொல்வது?

நூற்பாலையில் வாராந்திர விடுமுறை. நூல் நூற்கும் ரிங் ஃபிரேம்கள் நிற்கின்றன, அந்த நூலைக் கூம்புகளில் சுற்றும் ஆட்டோகோனர்கள் நிற்கின்றன. பராமரிப்பு வேலைக்காக, காற்றை அழுத்திக் குழாய்களில் அனுப்பும் கம்ப்ரசர் அறை மட்டும் ஓடுகிறது; அந்த வேலை இன்னும் தொடங்கவில்லை. கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு அந்தக் கம்ப்ரசரைக் கவனித்தால், அது இரண்டு நிமிடம் சுமையோடு ஓடி, நான்கு நிமிடம் வெறுமனே சுற்றி, மறுபடியும் இரண்டு நிமிடம் சுமை ஏற்றிக்கொள்வது தெரியும் என்று வைத்துக்கொள்வோம். காற்றைக் கேட்கும் இயந்திரம் ஒன்றுகூட ஓடாதபோது, ஆறு நிமிடத்தில் இரண்டு நிமிடம் அது யாருக்காகக் காற்றை அழுத்துகிறது?

கசிவுக்காக. தளர்ந்த ஃபிட்டிங்குகள், வெடித்த பாலியூரித்தேன் குழாய்கள், மூடாமல் விட்ட ஏர் கன்கள் வழியாக வெளியேறும் காற்றை ஈடுகட்டுவதற்காக. அந்தக் கம்ப்ரசரின் திறனில் மூன்றில் ஒரு பங்கு இப்படியே போகிறது என்பதுதான் அந்த இரண்டு, நான்கு நிமிடக் கணக்கின் பொருள். சரியாகப் பராமரிக்காத ஆலைகளில் அழுத்தக் காற்றில் 20 முதல் 30 சதவீதம் கசிவிலேயே தொலைவது ஆற்றல் தணிக்கையாளர்களுக்குப் பழகிப்போன செய்தி. 7 பார் அழுத்தத்தில் 3 மில்லிமீட்டர் துளை ஒன்று இருந்தால் போதும், ஏறத்தாழ 3 கிலோவாட் திறன் கம்ப்ரசரில் அதற்கென்றே செலவாகும். ஆண்டுக்கு 8,000 மணி நேரம் ஓடும் ஆலையில் அது 24,000 யூனிட்.

இதில் கம்ப்ரசர்மீது குற்றமில்லை. அதன் மோட்டார் நல்ல திறன் வகுப்பைச் சேர்ந்ததாகவே இருக்கலாம். குழாயில் அழுத்தம் குறைந்தால் காற்றை ஏற்று என்பதுதான் அதற்குத் தெரிந்த ஒரே கட்டளை. எதிரே உள்ள கூடத்தில் ஆட்டோகோனர்கள் ஓடுகின்றனவா, நின்றுவிட்டனவா என்று அதற்குச் சொல்ல ஆளில்லை. தொழிற்சாலைகளில் வீணாகும் மின்சாரத்தில் பெரும்பங்கு ஓர் இயந்திரத்துக்கு உள்ளே வீணாவதில்லை, ஓர் இயந்திரத்துக்கும் இன்னொன்றுக்கும் நடுவே வீணாகிறது என்பது என் கருத்து. அந்த இடைவெளியை அடைக்க வந்தவைதான் தொழிலகத் தொடர்பு மாட்யூல்கள். மின் மீட்டரிலும், மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவிலும், கம்ப்ரசர் பேனலிலும் செருகப்படும் உள்ளங்கை அளவு அட்டைகள் அவை. ஒவ்வொன்றும் தின்பது சில வாட்தான். அவை தாமாக ஒரு யூனிட்டைக்கூடச் சேமிப்பதில்லை. செய்தியைச் சுமந்துபோவது மட்டுமே அவற்றின் வேலை.

அந்தச் செய்தி எப்படிப் போகிறது? தமிழ்நாட்டு ஆலைகளில் அதிகம் காணப்படுவது ஆர்எஸ்-485 என்ற கம்பி இணைப்பும், அதன்மீது கருவிகள் பேசிக்கொள்வதற்கான விதிகளைத் தரும் மோட்பஸ் என்ற நெறிமுறையும். மோட்பஸ் 1979இல் மோடிகான் என்ற அமெரிக்க நிறுவனம் தன் பிஎல்சிகளுக்காக, அதாவது இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் சிறு கணினிகளுக்காக, உருவாக்கியது. ஒரு தொழில்நுட்பத்துக்கு இது தாத்தா வயது. ஆனாலும் கடையில் வாங்கும் சாதாரண மின் மீட்டரின் பின்புறத்திலும் அதற்கான இரண்டு திருகுமுனைகள் இன்றும் இருக்கின்றன.

வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதைப் போன்றது அதன் ஒழுங்கு. மாஸ்டர் எனப்படும் தலைமைக் கருவி எண்ணைச் சொல்லிக் கூப்பிடும். அந்த எண்ணுக்கு உரிய கருவி மட்டும் வாய் திறக்கும். எண்கள் 1 முதல் 247 வரை இருக்கலாம். "12ஆம் எண்ணே, உன் பதிவேட்டில் இந்த இடத்திலிருந்து இரண்டு கட்டங்களைப் படித்துச் சொல்" என்பது எட்டு பைட் கேள்வி. ஒன்பது பைட்டில் பதில் வரும். கடைசி இரண்டு பைட்டுகள் சரிபார்ப்புக்கானவை. வழியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் மாஸ்டர் அந்தப் பதிலைத் தூக்கிப்போட்டுவிட்டு மறுபடி கேட்கும். நொடிக்கு 9,600 பிட் என்ற நிதானமான வேகத்திலேயே, ஒரு கேள்வியும் பதிலும் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள் முடிந்துவிடும். முப்பது மின் மீட்டர்களைச் சுற்றி வர மூன்று நொடி போதும். மாதத்துக்கு ஒருமுறை வரும் மின்கட்டண ரசீதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஆலைக்கு அது எவ்வளவோ மேல்.

கம்பியும் எளிமையானதுதான். முறுக்கிய ஒரு ஜோடி. ஒன்றில் மின்னழுத்தம் ஏறும்போது மற்றதில் இறங்கும்; பெறும் கருவி இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே பார்க்கும். மோட்டார் கேபிளிலிருந்து வரும் மின்காந்த இரைச்சல் இரு கம்பிகளையும் ஏறத்தாழ ஒரே அளவில் பாதிப்பதால், கழிக்கும்போது பெரும்பாலும் காணாமல் போய்விடுகிறது. இந்த வேகத்தில் 1,200 மீட்டர் வரை கம்பி இழுக்கலாம். இந்தத் தாங்கும் குணத்தை நம்பி, மோட்டார் கேபிள் போகும் அதே கேபிள் தட்டில் இதையும் போட்டுவிடுகிறவர்கள் உண்டு. ஏசி டிரைவ் ஓடத் தொடங்கியதும் மீட்டர்கள் ஒவ்வொன்றாகத் திரையிலிருந்து மறையும். பழி மாட்யூலின் மேல் விழும். தனித் தட்டு, கருவியிலிருந்து கருவிக்குத் தொடராகச் செல்லும் வயரிங், இரு கோடிகளிலும் 120 ஓம் மின்தடை. இந்த மூன்றையும் சரியாகச் செய்தாலே பாதி வழக்குகள் தீர்ந்துவிடும்.

இன்னொரு தலைவலி எண்களின் வரிசை. மோட்பஸ் பதிவேட்டின் ஒவ்வொரு கட்டத்திலும் 16 பிட்தான் அடங்கும். கிலோவாட் போன்ற தசம எண்ணுக்கு இரண்டு கட்டங்கள் வேண்டும். அவற்றில் எது முன், எது பின் என்பதில் தயாரிப்பாளர்கள் ஒத்துப்போவதில்லை. மாற்றிப் படித்தால் 42 கிலோவாட் இழுக்கும் மோட்டார் கோடிக்கணக்கில் இழுப்பதாகவோ ஒன்றுமே இழுக்காததாகவோ திரையில் காட்டும். இப்படி அபத்தமாகத் தெரிவதே நல்லது, உடனே திருத்திவிடலாம். பெரிய மின்னோட்டத்தை மீட்டர் தாங்கும் அளவுக்குக் குறைத்துத் தரும் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மரின் விகிதத்தை மீட்டரில் தவறாகப் பதிந்துவிட்டால் வருவது நம்பத்தகுந்த பொய். அதை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கூட்டம் போட முடியும்.

எதை அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். கிளாம்ப் மீட்டரில் ஆம்பியரை மட்டும் பார்ப்பது எலக்ட்ரீஷியன்களின் பழக்கம். சுமையின்றிச் சுற்றும் கம்ப்ரசரின் ஆம்பியர், சுமையில் இருப்பதில் பாதிபோலத் தெரியும். ஆனால் அதில் ஒரு பகுதி மோட்டாரின் காந்தப்புலத்துக்கானது, வேலை செய்யாத மின்னோட்டம். மெய்யான கிலோவாட்டைத் தனியே அளந்து அனுப்பும் மீட்டர் இருந்தால்தான் கணக்கு நேராகும்.

இனிப் பணம் இருக்கும் இடத்துக்கு வருவோம். ஓர் ஆலையில் 75 கிலோவாட் ஸ்க்ரூ கம்ப்ரசர்கள் இரண்டு ஒரே குழாயில் காற்றை ஏற்றுகின்றன. தேவை என்னவோ ஒன்றின் அளவுதான். ஆனால் இரண்டும் தத்தம் பிரஷர் சுவிட்சைப் பார்த்து ஏறி இறங்குவதால், ஒவ்வொன்றும் பாதி நேரம் சுமையிலும் பாதி நேரம் வெறுமனேயும் ஓடும். வெறுமனே ஓடும்போதும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோவாட் செலவாகும். ஆக ஒவ்வொன்றின் சராசரி 50, இரண்டுக்கும் சேர்த்து 100. ஒன்று முழுச் சுமையில் ஓடி மற்றது நின்றிருந்தால் 75தான். வித்தியாசம் 25 கிலோவாட். 8,000 மணி நேரத்துக்கு இரண்டு லட்சம் யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 14 லட்சம். அதிக நேரம் சுமையில்லாமல் ஓடினால் தானாக நின்றுவிடும் டைமர் ஒவ்வொரு கம்ப்ரசரிலும் இருக்கிறது, ஆனால் அந்த நேரம் முடிவதற்குள் அழுத்தம் இறங்கி மறுபடி சுமை வந்துவிடும்.

இரண்டு கம்ப்ரசர்களின் தொடர்பு மாட்யூல்களையும் ஒரு தலைமைக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைத்துவிட்டால், எது ஓட வேண்டும், எது நிற்க வேண்டும் என்பதை ஒருவரே முடிவு செய்யலாம். இதில் இரண்டாவது ஆதாயமும் உண்டு. தனித்தனி சுவிட்சுகளை நம்பும்போது ஒன்றோடொன்று மோதாமலிருக்க அவற்றின் அழுத்த எல்லைகளைப் படிப்படியாகத் தள்ளி வைக்க வேண்டியிருக்கும். நான்கு கம்ப்ரசர் என்றால் மேல் எல்லைக்கும் கீழ் எல்லைக்கும் நடுவே ஒரு பாருக்கு மேல் விரிந்துவிடும். ஒரே தலைமையின் கீழ் இந்த இடைவெளியை 0.2, 0.3 பார் என்று சுருக்கலாம். தேவைக்கு மேல் ஏற்றும் ஒவ்வொரு பாருக்கும் கம்ப்ரசரின் மின்செலவு 6 முதல் 7 சதவீதம் கூடும் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும். அழுத்தம் கூடினால் கசிவும் கூடும், அது தனி.

ஈரப்பதக் காற்று அமைப்பில் கதை வேறு. பஞ்சும் நூலும் அறுபடாமல் இருக்கக் கூடத்தில் ஈரப்பதத்தைக் காக்கும் பெரிய விசிறிகள் அவை. விசிறியின் திறன், வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் திறன் 51 சதவீதத்துக்கு இறங்கிவிடும், பாதிக்குப் பாதி மிச்சம். ஏசி டிரைவ் வாங்கிப் பொருத்திவிட்டு, அதை எப்போதும் 48 ஹெர்ட்ஸிலேயே, அதாவது ஏறத்தாழ முழு வேகத்திலேயே, ஓட்டும் ஆலைகளும் இருக்கின்றன. வேகத்தைக் குறைத்தால் நூல் அறுந்துவிடுமோ என்று அஞ்சும் ஷிப்ட் அதிகாரியைக் குறைசொல்ல முடியாது. குறைக்கலாம் என்பதற்கு அவரிடம் ஆதாரம் ஏதுமில்லை. ஈரப்பத உணரி, வெளிக்காற்றின் வெப்பநிலை, கூடத்தில் எத்தனை ரிங் ஃபிரேம் ஓடுகிறது என்ற தகவல் மூன்றும் டிரைவுக்கு வந்து சேர்ந்தால், அது தானே வேகத்தை ஏற்றி இறக்கும். கூடத்தில் தணிக்க வேண்டிய வெப்பத்தில் பெரும்பகுதி இயந்திரங்களின் மோட்டார்களிலிருந்தே வருகிறது, எனவே சில ஃபிரேம்கள் நின்றால் விசிறியின் வேலையும் குறைய வேண்டும். கோயம்புத்தூரில் தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியே ஈரத்தோடும் குளிர்ச்சியோடும் வரும் மாதங்களில் இந்த ஆதாயம் இன்னும் கூடும். ஏப்ரல் வெயிலுக்கு வைத்த வேகம் ஜூலைக்கு எதற்கு?

நூற்பாலைக்காரர்கள் மின்செலவை 'யூகேஜி' என்று அளக்கிறார்கள், ஒரு கிலோ நூலுக்கு எத்தனை யூனிட் என்று. நூல் மெல்லியதாக ஆக ஒரு கிலோவுக்கான மின்சாரம் கூடும் என்பதால், எல்லாவற்றையும் 40ஆம் நம்பர் நூலுக்கு மாற்றிக் கணக்கிட்டு ஒப்பிடும் வழக்கமும் உண்டு. மீட்டர் ஒரு பக்கமும் உற்பத்திப் பதிவு இன்னொரு பக்கமும் இருந்தவரை இந்தக் கணக்கு மாதக் கடைசியில்தான் கிடைத்தது. ரிங் ஃபிரேமின் கட்டுப்பாட்டுப் பெட்டியே தன் வேகத்தையும் உற்பத்தியையும் அதே வலையமைப்பில் சொல்லத் தொடங்கினால், ஷிப்டுக்கு ஷிப்ட், ஃபிரேமுக்கு ஃபிரேம் யூகேஜி தெரியும். பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே நூலை ஒரே வேகத்தில் நூற்கும் இரண்டு ஃபிரேம்களில் ஒன்று மட்டும் கூடுதலாக இழுக்கிறதென்றால், பெல்ட்டையோ டேப்பையோ பேரிங்கையோ பார்க்க ஃபிட்டர் போகலாம். மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் 2012இல் தொடங்கிய 'பாட்' என்ற ஆற்றல் சேமிப்புத் திட்டத்தின் முதல் சுற்றிலேயே ஜவுளித் துறை இடம்பெற்றது. பெரிய ஆலைகளுக்கு அலகு உற்பத்திக்கான ஆற்றலைக் குறைக்கும் இலக்கு சட்டப்படி வந்துசேர்ந்தது. அளவீடு அதன்பின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமாக இல்லை.

இயந்திரத்தை நிறுத்தச் சொல்வதற்கே தனி மொழி வேண்டும் என்று முதலில் அழுத்திக் கேட்டவர்கள் ஜெர்மனியின் கார் தயாரிப்பாளர்கள். ஆடி, பிஎம்டபிள்யூ, ஃபோக்ஸ்வாகன் போன்றவை சேர்ந்த தானியங்கிமயக் குழு ஒன்று அங்கே உண்டு. உணவு இடைவேளையிலும் வார இறுதியிலும் ரோபோக்களும் வெல்டிங் கருவிகளும் விழித்தபடியே நின்று மின்சாரம் தின்பதுதான் அவர்களின் கவலை. அவர்களுடைய கோரிக்கையின் விளைவு, பிராஃபிநெட் என்ற தொழிலக வலையமைப்பில் ஓடும் பிராஃபிஎனர்ஜி என்ற கட்டளைத் தொகுப்பு. இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதன் பணிவு. கட்டுப்பாட்டுக் கருவி நேராக மின்சாரத்தை வெட்டுவதில்லை. "முப்பது நிமிட இடைவேளை வருகிறது" என்று மட்டும் அறிவிக்கிறது. அதைக் கேட்ட கருவி, தான் உறங்கி எழுந்து மறுபடி தயாராக அந்த நேரம் போதுமா என்று தானே பார்க்கும். போதுமென்றால் பொருத்தமான உறக்க நிலையைத் தேர்ந்து பதில் சொல்லும், போதாதென்றால் மறுத்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்தால் சூடேற்றவும் நிலைப்படுத்தவும் எவ்வளவு நேரம் ஆகும் என்பது அந்தக் கருவியைச் செய்தவருக்குத்தானே தெரியும்!

மின்கட்டணமும் இந்த வலையமைப்புக்கு ஒரு காரணம். தமிழ்நாட்டின் உயரழுத்தத் தொழிலக நுகர்வோருக்குக் காலை, மாலை உச்ச நேரங்களில் யூனிட்டுக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம். எட்டிய உச்சபட்சத் தேவைக்கு, அதாவது ஆலை ஒரே நேரத்தில் இழுத்த அதிகபட்ச மின்திறனுக்கு, கேவிஏ என்ற அலகில் தனிக் கட்டணம். தேவை எல்லையை நெருங்குவதை நொடிக்கு நொடி பார்க்கும் மாஸ்டர், தண்ணீர்த் தொட்டிப் பம்ப் போன்ற அவசரமில்லாத சுமைகளைச் சற்றுத் தள்ளிவைக்க முடியும். இதனால் யூனிட் குறையாது, கட்டணம் குறையும். ஆலை முதலாளிகள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இத்தனையும் செய்தபின் பல இடங்களில் மிஞ்சுவது அலுவலகச் சுவரில் ஒரு பெரிய டிவியும் அதில் வண்ண வண்ண வரைபடங்களும். முதல் மாதம் எல்லோரும் பார்ப்பார்கள். வரைபடம் கசிவை அடைக்காது, சோப்புத் தண்ணீரும் ஸ்பேனரும் எடுத்துக்கொண்டு ஒருவர் போக வேண்டும். என்னைக் கேட்டால், நூறு மீட்டர்களை வெறுமனே படிப்பதைவிட, பத்து மீட்டர்களைப் படித்து இரண்டு கம்ப்ரசர்களுக்கும் நான்கு விசிறிகளுக்கும் கட்டளையிடும் சிறிய அமைப்பே முதலில் போட வேண்டியது.

கட்டளையிடும் அதிகாரம் வந்ததும் ஆபத்தும் வருகிறது. மோட்பஸில் கடவுச்சொல் என்று ஒன்றுமே கிடையாது. அந்த வலையமைப்புக்குள் நுழைந்த யாரும் டிரைவின் வேகத்தை மாற்றி எழுதலாம். ஆகவே கைபேசியில் பார்க்கும் வசதிக்காக அதை நேராக இணையத்தோடு கோத்துவிடக் கூடாது. அதேபோல, தலைமைப் பெட்டியிலிருந்து சில நொடிகள் செய்தி வராவிட்டால், ஒவ்வொரு கம்ப்ரசரும் தன் பழைய பிரஷர் சுவிட்சுக்கே திரும்பிவிட வேண்டும். விசிறி டிரைவ்கள் முன்பே குறித்துவைத்த பாதுகாப்பான வேகத்துக்குப் போய்விட வேண்டும். அந்நேரம் மின்செலவு கூடும், ஆனால் ஆட்டோகோனர் நிற்காது. பொருத்தியவர்களுக்குக் கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன், பகல் ஷிப்டில், எல்லோர் முன்னிலையிலும் அந்தக் கேபிளை ஒருமுறை பிடுங்கிப் பார்த்துவிடுவது நல்லது.