மாதத்துக்கு 43 நிமிடம் பழுதாகலாம்

"வேலை விளம்பரங்களில் ஐடிஐஎல் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்களே, அது மென்பொருளா, கணினி மொழியா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இரண்டுமில்லை. கணினிச் சேவைகளைத் தடங்கலின்றி நடத்துவதற்கான நடைமுறைத் தொகுப்பு அது.

1980களில் பிரிட்டன் அரசுத் துறைகள் கணினிகளைத் தத்தம் போக்கில் பராமரித்துவந்தன. அரசின் மத்திய கணினி, தொலைத்தொடர்பு முகமை நல்ல நடைமுறைகளைத் திரட்டி 1989 முதல் முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களாக வெளியிட்டது. அந்த நூல்வரிசைதான் ஐடிஐஎல். மின்னஞ்சல் நின்றுபோனால் அது இன்சிடென்ட். நிற்கவைத்த காரணம் பிராப்ளம். முதலாவதை உடனே சரிசெய். இரண்டாவதைப் பொறுமையாகத் தேடு. இப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்றுத்தந்ததே பெரிய கொடை. 2007இல் மூன்றாம் பதிப்பு ஐந்து நூல்களாகச் சுருங்கியது.

எல்லோரும் தடுமாறிய இடம் ஒன்று உண்டு: மாற்றம். கூகுள் பொறியாளர்களின் கணக்கில், பழுதுகளில் சுமார் 70 சதவீதம் ஓடும் அமைப்பில் நாமே செய்யும் மாற்றங்களால் வருபவை. எனவே ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு குழு கூடி ஒப்புதல் தரும் வழக்கம் பரவியது. ஒப்புதலுக்குக் காத்திருக்கும் மாற்றங்கள் குவியும். குவிந்தவை ஒரே இரவில் மொத்தமாக இறங்கும். உடைந்தால் எதனால் உடைந்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நிரல் எழுதுபவர்களுக்கு அவசரம், அமைப்பைப் பராமரிப்பவர்களுக்கு அச்சம்.

கூகுளில் பென் டிரெய்னர் என்ற பொறியாளர் 2003இல் தொடங்கிய குழு இந்தச் சண்டையைக் கணக்காக மாற்றியது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. நூறு சதவீதம் இயங்கும் சேவை யாருக்கும் தேவையில்லை என்பதிலிருந்து தொடங்குகிறார்கள். பயனரின் வைஃபையும் கைபேசியும் அதைவிட அதிகம் தடுமாறுபவை. கடைசித் துளி நம்பகத்தன்மையை அவர் உணரவே மாட்டார். ஆகவே இலக்கு 99.9 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 30 நாள் மாதத்தில் 43,200 நிமிடங்கள். அதில் 0.1 சதவீதம், அதாவது 43 நிமிடச் சொச்சம், பழுதாக அனுமதி உண்டு. இதுதான் எரர் பட்ஜெட். மாதச் சம்பளம்போல இது செலவழிப்பதற்கே. மீதமிருந்தால் புதிய வசதிகளை வெளியிடலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். தீர்ந்துவிட்டால் வெளியீடு நிற்கும். பழுதுநீக்கம் மட்டுமே நடக்கும்.

அழகு இனிமேல்தான். புதிய நிரலை எல்லோருக்கும் ஒரேயடியாகக் கொடுத்து அது 10 நிமிடம் முழுவதும் செயலிழந்தால், பட்ஜெட்டில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். அதே நிரலை முதலில் 1 சதவீதப் பயனர்களுக்கு மட்டும் கொடுத்திருந்தால், அதே 10 நிமிடச் செயலிழப்புக்குச் செலவு 6 விநாடிதான்! சிறிதாக, படிப்படியாக வெளியிடுவது எழுதுபவர்களுக்கே லாபமாகிவிடுகிறது. சோதனை செய்யுங்கள் என்று அவர்களிடம் யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. சர்வருக்குக் குங்குமம் வைத்து, ராகு காலம் கழியட்டும் என்று காத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: எந்த வேளையாக இருந்தாலும் முதலில் ஒரு சதவீதத்துக்குக் கொடுத்துப் பாருங்கள்.

2009க்குப் பின், எழுதுபவர்களும் பராமரிப்பவர்களும் சேர்ந்து வேலைசெய்ய வேண்டும் என்ற டெவ்ஆப்ஸ் இயக்கம் இதே திசையில் வளர்ந்தது. 2019இல் வந்த ஐடிஐஎல் நான்காம் பதிப்பும் சிறு சிறு அடிகளாக முன்னேறச் சொல்கிறது.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். மக்கள் வரிப்பணத்தில் எழுதப்பட்ட ஐடிஐஎல் 2013இல் ஒரு கூட்டு நிறுவனத்துக்குப் போனது. 2021இல் பீப்பிள்சர்ட் என்ற தேர்வு நிறுவனம் அதை வாங்கிவிட்டது. அரசுப் பணத்தில் விளைந்த அறிவு பொதுவிலேயே இருந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வாசகிக்கு என் யோசனை: வேலைக்குச் சான்றிதழ் தேவையென்றால் தேர்வை எழுதுங்கள். அதற்கு முன், கூகுள் பொறியாளர்கள் 2016இல் எழுதிய நம்பகத்தன்மை நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் மூன்றாம் அத்தியாயத்தைப் படித்துவிடுங்கள்.