ஃபிளாக்: கொடியா, குறியா?

தரவுப் பகுப்பாய்வு செய்பவர்கள் வாயில் அடிக்கடி வரும் சொல் ஃபிளாக். ‘டூப்ளிகேட்டை எல்லாம் ஃபிளாக் பண்ணிடுங்க’ என்றால், அந்த வரிசைகளை அழிக்கவும் வேண்டாம், திருத்தவும் வேண்டாம், பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து 1 அல்லது 0 போடுங்கள் என்று பொருள்.

ஆங்கிலத்தில் இது துணிக்கொடிதான். கப்பலிலும் ரயிலிலும் தூரத்தில் இருப்பவருக்குச் சேதி சொன்ன கொடியின் பெயர், ‘இங்கே கவனி’ என்று காட்டும் மற்றவற்றுக்கும் பரவியது. நம் அரசு அலுவலகக் கோப்புகளில் பக்கம் தெரிவதற்காகச் செருகும் சீட்டும் ஃபிளாக்தான். இன்டெல் 8085 என்ற பழைய கணினிச் சில்லுக்குள் ஐந்து ஃபிளாக்குகள் உண்டு. கணக்கின் விடை சுழியமானால் அதற்கென உள்ள ஒன்று 1 ஆகிவிடும். அட்டவணையில் நாம் போடும் 1, 0 அந்த வகையைச் சேர்ந்தவை.

தனி வரிசைக்குக் குறி போடுவது எளிது. ஒன்றாகச் சேரும் பல வரிசைகளின் தொகுதிக்குப் போடுவதில்தான் விஷயம் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டவணையை எடுத்துக்கொள்வோம். மாணவருக்கு ஐந்து பாடம், ஐந்து வரிசை. கணக்கில் மட்டும் 35க்குக் கீழே போனாலும் அவருடைய ஐந்து வரிசைகளிலும் 1 விழ வேண்டும். வரிசை தன்னை மட்டும் பார்த்தால் போதாது, ஒரே பதிவெண் கொண்ட மற்ற வரிசைகளையும் பார்க்க வேண்டும். எக்செல்லில் மின்இஃப்ஸ் (MINIFS) என்ற சார்பு, அதாவது ஃபங்ஷன், அந்தப் பதிவெண்ணின் மிகக் குறைந்த மதிப்பெண்ணை எடுத்துத் தரும். அது 35க்குக் கீழே என்றால் 1. இதையே செய்ய, தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் ‘ஓவர் பார்ட்டிஷன் பை’, அறிக்கை தயாரிக்கும் மென்பொருளான பவர் பிஐயில் ‘ஆல்எக்செப்ட்’, பைத்தான் மொழியின் பாண்டாஸ் நூலகத்தில் ‘குரூப்பை’யோடு ‘டிரான்ஸ்ஃபார்ம்’. வழி வேறு, வேலை ஒன்றுதான்: தொகுதிக்குக் கிடைத்த விடையை ஒவ்வொரு வரிசைக்கும் திருப்பி எழுதுவது.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. தேர்வுக்கே வராதவரின் கட்டம் காலியாக இருக்கும். குறைந்ததைத் தேடும் சார்புகள் காலிக் கட்டத்தைக் கண்டுகொள்ளாது. மற்ற நான்கிலும் தேறியிருந்தால் அவருக்கு 0 விழுந்து, தேர்ச்சி பெற்றவராகிவிடுவார். ‘மதிப்பெண் ஐந்தும் இருக்கிறதா’ என்ற நிபந்தனையையும் சேர்க்க வேண்டும். அப்புறம், குறிகளைக் கூட்டித் தோற்றவர் எண்ணிக்கை சொல்வது. 12 பேர் தோற்றிருந்தால் கூட்டல் 60 காட்டும். அந்த 1 வரிசையில் எழுதப்பட்டிருந்தாலும் அது மாணவருக்கு உரியது. இதை மறந்து மேலிடத்துக்குப் போகும் அறிக்கைகள் எத்தனையோ பேரைத் தவறான முடிவுக்குத் தள்ளுகின்றன.

சரி, தமிழில் என்ன சொல்வது? கொடி என்பது நேர் பெயர்ப்பு. ஆனால் ‘வரிசைக்குக் கொடி போடு’ என்றால் யாருக்கும் எதுவும் விளங்காது. குறி என்பதே பொருத்தம். மாட்டுக்குச் சூட்டுக்குறி, துணிக்குச் சலவைக்குறி என்று பொருளை மாற்றாமல் அடையாளம் மட்டும் இடுவதற்கு நம்மிடம் ஏற்கெனவே உள்ள சொல் அது. சங்க அகப்பாடல் மரபில் காதலர் சந்திக்கக் குறித்த இடம்கூடப் பகற்குறி, இரவுக்குறிதான்.

தொகுதிக்கு இடுவதைக் குழுக்குறி எனலாமா? கூடாது என்பேன். நன்னூல் சொல்லும் குழூஉக்குறி நினைவுக்கு வந்துவிடும். பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பது போல, ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல் அது. அதனால் தொகுதிக்குறி. தேர்தல் தொகுதி குறுக்கே வரலாம், ஆனால் அட்டவணைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் குழம்ப மாட்டார்.

குறி இருக்கும் நெடுவரிசை, கணக்கிட்ட நெடுவரிசை. கணிப்பு நெடுவரிசை என்று எழுதுவோரும் உண்டு. கணிப்பு என்பது வருவதை முன்கூட்டிச் சொல்வது, இங்கே நடப்பது வெறும் கணக்கு. பள்ளிக் கணக்கில் அணிகளின் (மேட்ரிக்ஸ்) நெடுவரிசைக்கு வழங்கும் ‘நிரல்’ அழகான சொல்தான், ஆனால் கணினியில் அது புரோகிராமுக்கு என்று ஆகிவிட்டது.

தலைப்பு எழுதும்போது வெறும் ‘குறி’ என்று விடாமல் ‘மாணவர் தோல்விக்குறி’ என்று எழுதுங்கள். அந்த 1 யாருக்கு உரியது என்று தெரிந்தால், அடுத்து திறப்பவர் வரிசைகளைக் கூட்டாமல் பதிவெண்களை எண்ணுவார்.