குண்டு எங்கே போய் நிற்கும்?

9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கியிலிருந்து கிளம்பும் குண்டின் எடை சுமார் 8 கிராம். இரண்டு தேக்கரண்டி சர்க்கரை அளவு. நொடிக்கு ஏறக்குறைய 350 மீட்டர் வேகத்தில் போகும்போது அதனிடம் 500 ஜூல் ஆற்றல் இருக்கும். 50 கிலோ மூட்டையை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையில் இறங்குவதும் கிட்டத்தட்ட அதே 500 ஜூல்தான். மூட்டை அதைப் பெரிய பரப்பில் பரப்பிவிடுகிறது. குண்டு ஒரு விரல்நுனி அகலத்தில் இறக்குகிறது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது.

சினிமாவில் சுடப்பட்டவர் பின்னால் பறந்து போய் விழுவார். கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 கிராம் குண்டின் உந்தம் முழுவதும் 70 கிலோ மனிதருக்குப் போனாலும் அவர் நகரும் வேகம் நொடிக்கு 4 சென்டிமீட்டர். மெதுவாக நடப்பவர்கூட நொடிக்கு 100 சென்டிமீட்டர் போவார். குண்டு யாரையும் தள்ளாது, துளைக்க மட்டுமே செய்யும். அதனால் வீட்டுப் பாதுகாப்புக்குத் துப்பாக்கி தேடுகிறவர் "எது சக்தி அதிகம்?" என்று கேட்பதைவிட "குண்டு எவ்வளவு ஆழம் போய் எங்கே நிற்கும்?" என்று கேட்பதுதான் சரி என்பேன். வீட்டில் ஒவ்வொரு சுவருக்குப் பின்னாலும் நமக்கு வேண்டியவர்கள் இருக்கிறார்கள்.

இந்தக் கேள்வி ஆய்வுக்கூடத்துக்குப் போனதற்குக் காரணம் 1986 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டை. கொள்ளையர் இருவரை மடக்கப் போன எஃப்.பி.ஐ. (அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பு) அதிகாரிகளில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயமடைந்தார்கள். அதிகாரி ஒருவர் சுட்ட 9 மில்லிமீட்டர் குண்டு ஒரு கொள்ளையனின் கையைத் துளைத்து, மார்புக்குள் நுழைந்து, இதயத்தைத் தொடாமல் நின்றுவிட்டது. அவன் அதற்குப் பிறகும் தொடர்ந்து சுட்டான். அந்த அனுபவத்திலிருந்து எஃப்.பி.ஐ. ஒரு சோதனை முறையை வகுத்தது. மனிதத் தசைக்குப் பதிலாக ஒரு கலவை: பத்தில் ஒரு பங்கு ஜெலட்டின், மிச்சம் தண்ணீர். அதைக் கட்டியாக்கி, 4 டிகிரி செல்சியஸில் வைத்து, அதில் சுட்டுப் பார்ப்பார்கள். கட்டி சரியான பதத்தில் இருக்கிறதா என்று பார்க்க முதலில் ஒரு சின்ன எஃகு உருண்டையை நொடிக்கு 180 மீட்டர் வேகத்தில் செலுத்துவார்கள். அது ஏறத்தாழ 8.5 சென்டிமீட்டர் போய் நின்றால் கட்டி சரி. அப்புறம்தான் உண்மையான சோதனை.

ஜெலட்டினில் குண்டு போக வேண்டிய ஆழத்துக்கு அவர்கள் வைத்த அளவுகோல் 30 முதல் 45 சென்டிமீட்டர். மனித மார்பு அவ்வளவு ஆழம் இல்லையே என்று தோன்றும். ஆனால் குண்டு எப்போதும் நேர் எதிரிலிருந்து வராது. பக்கவாட்டில், கையைத் துளைத்து, சாய்வாகப் போக வேண்டியிருக்கும். 45-க்கு மேல் போனால் உடலைத் தாண்டி வெளியே வந்துவிடும் என்பது மேல்வரம்புக்குக் காரணம்.

இந்த எல்லைக்குள் குண்டை நிறுத்த உதவுவது ஹாலோ பாயிண்ட், அதாவது மூக்கில் குழி விட்ட குண்டு. ஈரமான திசுவுக்குள் நுழைந்ததும் அந்தக் குழிக்குள் திரவம் அழுத்தத்தோடு புகுந்து சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளும். செம்பு உறை இதழ் இதழாக விரியும். 9 மில்லிமீட்டர் குண்டு 14 மில்லிமீட்டர் வரை விரிந்தால் முன்பரப்பு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. பாராசூட் விரிந்ததுபோல் இழுவை கூடி, குண்டு சீக்கிரம் நிற்கிறது. முழு உலோக உறை போட்ட பயிற்சிக் குண்டு விரியாது. ஜெலட்டினில் 60 சென்டிமீட்டரையும் தாண்டிப் போகும். விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்தக் கூடாது என்று 1899 ஹேக் பிரகடனம் தடை போட்டது. கொல்கத்தா அருகே டம்டம் தொழிற்சாலையில் செய்த குண்டுகளின் பெயர் அந்த விவாதத்தோடு ஒட்டிக்கொண்டது. ஆனால் பல நாட்டுக் காவல்துறைகள் அதே வகையைத்தான் தேர்ந்தெடுக்கின்றன, பின்னால் நிற்கிறவர்மேல் பாயாமல் இருக்கட்டும் என்று.

இங்கே பலர் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: "ஹாலோ பாயிண்ட் போட்டால் குண்டு சுவரைத் தாண்டாது." தாண்டும். ஜிப்சம் பலகைச் சுவரில் பலகையின் தடிமன் சுமார் 12.7 மில்லிமீட்டர், ஒரு சுவருக்கு இரண்டு பலகை. குண்டு அதில் மோதும்போது மூக்குக்குழி ஜிப்சம் தூளால் அடைபட்டுவிடும். விரியவைக்க அங்கே திரவமும் இல்லை. எனவே அது உறைபோட்ட குண்டைப் போலவே அடுத்த அறைக்குப் போகிறது. ஜெலட்டினில் 30 சென்டிமீட்டர் போகக்கூடிய எந்தக் குண்டும் இப்படிப்பட்ட சுவர்கள் சிலவற்றைத் துளைக்கும். ஒன்று வேண்டுமென்றால் மற்றதையும் ஏற்றுக்கொண்டே ஆக வேண்டும்.

ரைஃபிள் இந்த இடத்தில் ஒரு ஆச்சரியம் தருகிறது. 5.56 மில்லிமீட்டர் ரைஃபிள் குண்டு 3.6 கிராம்தான், வேகமோ நொடிக்கு 950 மீட்டர். ஆற்றல் 1,600 ஜூலுக்கும் மேல், அதாவது கைத்துப்பாக்கியைப்போல் மூன்று மடங்கு. அப்படியானால் அது சுவர்களை அதிகமாகத் துளைக்க வேண்டும் அல்லவா? நீளமான, எடை பின்பக்கம் சாய்ந்த அந்த மெல்லிய குண்டு பலகையில் பட்டதும் நிலை குலைந்து புரளும். அந்த வேகத்தில் புரளும்போது உடைந்து சிதறவும் செய்யும். இலேசான, விரியும் வகைக் குண்டுகள் பலகைச் சோதனைகளில் 9 மில்லிமீட்டரைவிடச் சீக்கிரம் வேகம் இழப்பது பலமுறை பார்க்கப்பட்டிருக்கிறது. நின்றுவிடும் என்று சொல்லவில்லை. உள்ளே எஃகு வைத்த ராணுவக் குண்டுகளுக்கு இது பொருந்தவும் செய்யாது. இன்னொரு விலையும் உண்டு: ஓசை. 140 டெசிபலே காதை நிரந்தரமாகக் கெடுக்கப் போதும். ரைஃபிள் 160-ஐ ஒட்டிப் போகும், மூடிய அறைக்குள் அது சுவரில் மோதித் திரும்பவும் வரும்.

ஷாட்கன் என்றதும் "குறி பார்க்கவே வேண்டாம்" என்பார்கள். 12 கேஜ் (குழல் அகலத்தைக் குறிக்கும் அளவு) தோட்டா ஒன்றில் பெரும்பாலும் 8.4 மில்லிமீட்டர் ஈய உருண்டைகள் ஒன்பது இருக்கும். போகப் போக அவை மீட்டருக்கு 2.5 சென்டிமீட்டர் பரவும் என்பது பழைய வாய்ப்பாடு. ஐந்து மீட்டர் அறையில் அது 12.5 சென்டிமீட்டர், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் அகலம். குறி பார்க்காமல் முடியாது. தவறினால் ஒன்பது உருண்டைகளும் தனித்தனியே சுவரைத் துளைக்கும். பறவை வேட்டைக்கான பொடி ரவை சுவரில் வேகமாக ஓய்ந்துவிடும், ஆனால் ஜெலட்டினிலும் ஆழம் போகாது. பின்னுதைப்பைப் பார்த்தால், ஷாட்கன் தோளில் 30 ஜூல் அளவுக்கு இடிக்கும். 9 மில்லிமீட்டரில் அது 7 ஜூலுக்குப் பக்கம்.

அந்த வித்தியாசம் சின்ன விஷயம் இல்லை. மயாமிக்குப் பிறகு பெரிய குண்டுகளுக்கு மாறிய எஃப்.பி.ஐ., 2010-களின் நடுவில் 9 மில்லிமீட்டருக்கே திரும்பியது. புதிய குண்டுகள் அதே ஆழம் போகின்றன, உதைப்பு குறைவாக இருப்பதால் அதிகாரிகளின் குறியும் மேம்படுகிறது. என் கருத்தும் இதுதான். தவறிய குண்டு எதிலும் விரியாமல் முழு ஆற்றலோடு போகும், அதன் வடிவமைப்பு எவ்வளவு நல்லதாக இருந்தாலும். அதனால் உங்கள் கைக்கு அடங்கும், நீங்கள் பயிற்சி செய்து குறி தவறாமல் சுடக்கூடிய துப்பாக்கிக்கே முதலிடம். யாரென்று தெரியாமல் இருட்டில் சுடாமலிருக்க ஒரு டார்ச்சும் அதே அளவு முக்கியம்.

துப்பாக்கி பயன்படாமல் கிடக்கும் நாட்களே அதிகம் என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும். அமெரிக்காவில் துப்பாக்கியால் இறப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலை செய்துகொள்கிறவர்கள். குழந்தையோ மனம் உடைந்திருக்கும் ஒருவரோ திறக்க முடியாத பூட்டுப்பெட்டி இல்லாமல் தோட்டாவைப் பற்றிப் பேசுவதே வீண்.

பெட்டி தயாரானதும், கையில் எதுவும் இல்லாமல் படுக்கையறை வாசலில் நின்று பாருங்கள். எந்தத் திசையில் செங்கல், எந்தத் திசையில் வெறும் பலகை, அதற்குப் பின்னால் யாருடைய கட்டில்? ஒரு திசையில் சுடவே கூடாது என்று தெரிந்தால் அந்தக் கட்டிலை இடம் மாற்றலாம்.